அரியலூர் எலும்பும் நீலத் திமிங்கலமும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குத் தஞ்சாவூரிலேயே வேலை கிடைத்துவிட்டது.

சரி, உன் பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அரியலூரில் கிடைத்த டைனோசர் நீலத் திமிங்கலத்தைவிடப் பெரியதா என்று கேட்டிருக்கிறான். என்னைக் கேட்டால், அந்தப் பட்டத்தை அதற்குக் கொடுக்க மாட்டேன். கொடுக்க முடியாமல் போனதில் வருத்தம் உண்டு.

ஊர் கல்லமேடு. அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியல் அறிஞர்கள் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தையவை. முதலில் ஊன் தின்னும் இனம் என்று எழுதினார்கள். பிற்பாடுதான் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று தெளிந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! அர்ஜென்டினாவில் கிடைத்த அர்ஜென்டினோசாரஸ் என்ற மிகப் பெரிய டைனோசருக்கே அந்த இடத்து எலும்பு 1.55 மீட்டர்தான், அதன் எடையைச் சுமார் 70 டன் என்கிறார்கள். அப்படியானால் நம் ஊர் விலங்கு 100 டன்னைத் தாண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த எலும்பு இன்று இல்லை. மழையிலும் களிமண்ணிலும் உதிர்ந்து போய்விட்டது. கல்லாகிப்போன மரத்தை எலும்பு என்று நினைத்துவிட்டார்களோ என்றுகூட வெளியில் சந்தேகம் எழுந்தது. பக்கத்துச் சாத்தனூரிலேயே 18 மீட்டர் கல்மரம் கிடக்கும்போது அப்படிக் கேட்பதும் நியாயம்தான். 2022இல் பழைய புகைப்படங்கள் வெளிவந்த பிறகு எலும்புதான் என்ற நம்பிக்கை கூடியது. இருந்தாலும் படத்தை வைத்து மறுபடி அளக்க முடியாதே.

அளவு எப்படியெல்லாம் மாறும் என்பதற்குப் பெரு நாட்டில் கிடைத்த பெருசீட்டஸைப் பார். பழங்காலத் திமிங்கலம். 2023இல் அதன் எடை 340 டன் வரை இருக்கலாம் என்றார்கள். அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் 60 முதல் 114 டன்னுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

நீலத் திமிங்கலத்தின் கணக்கில் அந்தக் குழப்பம் இல்லை. நீளம் 30 மீட்டர் வரை, எடை 150 டன்னுக்கும் மேல் போகும். ஆனால் இந்தக் கணக்கு எப்படி வந்தது தெரியுமா? வேட்டைக் காலத்தில் துண்டு துண்டாக வெட்டி எடை போட்டார்கள். போன நூற்றாண்டில் தென் கடல்களில் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் கொன்றிருக்கிறார்கள். 1966இல்தான் தடை வந்தது. இதைப் பேரனிடம் கட்டாயம் சொல். இவ்வளவு பெரிய உயிர் கிரில் என்ற, இறால் போன்ற சின்ன உயிரினத்தைத் தின்றே வாழ்கிறது என்பதையும் சொல், அவனுக்குப் பிடிக்கும்.

இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸ பக்கம் நீலத் திமிங்கலங்கள் கரைக்கு அருகிலேயே வருகின்றன. கப்பல் பாதையும் அதே இடத்தில்தான், மோதிச் சாகின்றன. 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. எல்லோரும் அப்படிச் செய்யவேண்டும் என்பது என் ஆசை.

பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாக இருப்பதுபோல வா, பேரனையும் அழைத்து வா. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் சாத்தனூருக்கும் சேர்ந்தே போகலாம். ரயில் டிக்கெட் எடுத்ததும் எழுது.

அன்புடன்,
ராமு