நாலு மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, போனில் அவள் சொன்னது பொய்யில்லை.

பாப்பா விட்டுப்போன உலக உருண்டையை நேற்று தூசி தட்டினேன். அப்படியே ஒரு நூலை எடுத்துத் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடமுனையை ஒட்டிப் போகிறது. நாலு விரல்கடைதான். கிலோமீட்டரில் ஏறத்தாழ 3,000. நேரடி விமானத்தில் நாலு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. உங்கள் கடிகாரம் இரண்டரை மணி முந்தி ஓடுகிறதல்லவா, இங்கே நள்ளிரவில் ஏறினால் அங்கே காலை ஆறரைக்கு இறங்கலாம். ஆனால் அங்கே இரவு எட்டுக்கு ஏறினால் இங்கே ஒன்பதரைக்கே வந்துவிடலாம். கடிகாரக் கணக்கில் வருகிறவனுக்கு ஒன்றரை மணி நேரம்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் பார்ப்பதானால் நேரடி விமானமாகவே பார். கொழும்பு வழி, கோலாலம்பூர் வழி என்று விலை குறைவாகக் காட்டும். பாப்பாவை வைத்துக்கொண்டு நடுவில் காத்துக் கிடக்க வேண்டாம். 2024 அக்டோபரில் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறில் இரண்டரை மணி நேரம் வட்டமடித்ததே, அன்று மொட்டைமாடியில் நின்றவன், இன்னும் ராத்திரி சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுகிறேன். எரிபொருளைத் தீர்த்து, எடையைக் குறைத்துப் பத்திரமாகத்தான் இறக்கினார்கள். இருந்தாலும்.

நீ மேனேஜர் ஆனதை எதிர்வீட்டு சாரிடம் சொன்னேன். அவர் பையனிடம் போனிலேயே சொல்லிவிட்டார். நீ என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம்தான் சொன்னாய். பரவாயில்லை. மாடி விஷயத்தில் அன்று நான் பேசியது... சரி, அதை விடு.

தாத்தா காரியத்துக்கு நான் மூன்றாம் நாள்தான் போனேன் என்பது உனக்குத் தெரியும். தந்தி முதல் நாளே வந்துவிட்டது. லீவு கிடைக்கவில்லை என்று உன் பெரியப்பாவிடம் சொன்னேன், உங்களிடமும் அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். நான் லீவே கேட்கவில்லை தம்பி. கிணற்றடிச் சண்டைக்குப் பிறகு, அவர் வாயால் 'வா' என்று ஒரு வார்த்தை வரட்டும் என்று எட்டு மாதம் வீம்பாக இருந்தேன். தந்தி வந்த பிறகு எந்த முகத்தோடு போவது என்று மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். புதுக்கோட்டை என்ன தூரம்? ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

பாப்பாவுக்கு லீவு எப்போது என்று அம்மா கேட்கிறாள். நேரடி விமானமாகவே பார். புது டெர்மினலில் வெளியே வரும் வழி மாறியிருக்கிறது, கார் நிற்கும் இடமும் மாறியிருக்கிறது. கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் பன்னிரண்டு நிமிடம். செவ்வாய்க்கிழமை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா