வெட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

கண்ணம்மா,

உன் கட்டுரையில் சிரிக்க வைக்கிற இடத்தையெல்லாம் எடுக்கச் சொன்னார்கள், நீயும் எடுக்கப் போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாயே, அப்போதிருந்து எனக்கு மனசே சரியில்லை. எடுப்பதற்கு முன்னால், அறிவியலைச் சிரிக்கச் சிரிக்க எழுதும் அமெரிக்க எழுத்தாளர் மேரி ரோச்சைப் படி.

அவர் விஞ்ஞானி இல்லை. படித்தது உளவியல். அப்புறம் பிறர் எழுதியதைத் திருத்தும் வேலை, சான் பிரான்சிஸ்கோ மிருகக்காட்சிசாலைக்குச் செய்திக்குறிப்பு எழுதும் வேலை, பத்திரிகைக் கட்டுரைகள் என்று வருடங்கள் போய், 2003-இல் முதல் புத்தகம் 'ஸ்டிஃப்' வந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். அதுவும் எதைப் பற்றி? பிணங்களைப் பற்றி. தானமாகக் கொடுத்த உடல்களுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று நேரிலேயே போய்ப் பார்த்திருக்கிறார். பிளாஸ்டிக் சர்ஜன்கள் பழகுவதற்காகத் தட்டுகளில் வரிசையாக வைத்திருந்த 40 தலைகள், இறந்த நேரத்தைக் கணிக்கக் கற்றுக்கொள்வதற்காக டென்னசி பல்கலைக்கழகம் திறந்தவெளியில் அழுகவிடும் உடல்கள், எல்லாம் அதில் வரும். படிக்கும்போது சிரித்துவிடுவாய். ஆனால் எனக்குப் பட்டவரை அந்தச் சிரிப்பு செத்தவர்மேல் விழுவதே இல்லை, பக்கத்தில் நின்று என்ன கேட்பது என்று தெரியாமல் விழிக்கிற தன்மேல்தான் விழுகிறது. அதே புத்தகத்தில், தாங்கள் அறுத்துப் படித்த உடல்களுக்கு மருத்துவ மாணவர்கள் நினைவஞ்சலி நடத்துவதையும் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். அந்த மரியாதை இருப்பதால்தான் மற்ற இடங்களில் நம்மால் கூசாமல் சிரிக்க முடிகிறது.

இன்னொன்று, கேட்கக் கூச்சப்படும் கேள்வியை அவர் கேட்டுவிடுகிறார். 2010-இல் வந்த விண்வெளிப் புத்தகத்தில் கழிப்பறைக்கே ஓர் அத்தியாயம். சரியாக உட்காரப் பழகுவதற்கென்று அடியில் கேமரா வைத்த பயிற்சி இருக்கை ஒன்று அப்போது நாசாவில் இருந்ததாம். சிரிப்பு வரும், ஆனால் புவியீர்ப்பு இல்லாவிட்டால் உடம்புக்கு என்னென்ன சிக்கல் என்பதும் அதிலேயே புரிந்துவிடும். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் விளக்கமும் கூடவே போய்விடும்.

விண்வெளியில் கழிப்பறைக்கு எப்படிப் போவார்கள் என்று நீயும் சின்ன வயதில் சாப்பிடும்போது கேட்டாய், நான் அதட்டி வாயை அடைத்துவிட்டேன். அது தப்பு கண்ணம்மா, இப்போது சொல்கிறேன்.

புத்தகத்தின் ஓட்டத்தில் சேராத வேடிக்கைகளை ரோச் அடிக்குறிப்பில் வைத்துவிடுவார், தூக்கி எறிய மாட்டார். நீயும் இன்னும் எதையும் எறியாதே. வெட்டாத பிரதியை எனக்கு அனுப்பு. எந்த இடம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று மட்டும் ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன்.

அம்மா