பூட்டிய பீரோவில் ஏழு பகடைகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்ட நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் மாடி அறையில் நாங்கள் ஆறு பேர் ஆடிக்கொண்டிருந்தபோது ஏறி வந்து, பகடைகளை அள்ளிக்கொண்டு போனீர்கள். பதிவேட்டில் ‘சூதாட்டப் பொருள் - 7’ என்று எழுதியிருப்பதாக அறிகிறேன். அந்த ஏழையும் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் ஆட்டத்தில் காசு கிடையாது. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியில் வந்த கதையாட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் என்றால், ஓடக்காரன் கரை சேர்ந்தானா கவிழ்ந்தானா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. பந்தயம் எங்கிருந்து வரும்?

அந்தப் பகடைக்காகக் கும்பகோணம் கடைத்தெருவில் அலைந்தேன். தாயக்கட்டையைத்தான் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் தபாலில் வரவழைத்தோம். இப்போது என் வீட்டுத் திண்ணையில், ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளைச் சொம்பில் போட்டுக் குலுக்குகிறோம். போன வாரம் ஒரு சீட்டு காற்றில் பறந்து வாய்க்காலில் விழுந்திருக்கிறது. பதினேழே வராத ஆட்டத்தை இரண்டு மணி நேரம் ஆடிய பிறகுதான் தெரிந்தது. கத்திக்குத்தின் வலுவைச் சொல்லும் நான்கு முகப் பகடைக்குப் பதில், ஒரு பக்கம் தேய்த்த மூன்று புளியங்கொட்டை. அதில் இரண்டும் மூன்றுமே மாறி மாறி விழுகின்றன. கத்தி வைத்திருக்கும் பாத்திரம் ஒரு நல்ல குத்து குத்தி நாளாகிறது. தெருவில் போகிறவர்கள் குலுக்கல் சீட்டு என்று நினைத்து, “யாருக்கு விழுந்தது?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சூதாட்டத்தை ஒழித்ததற்கு நன்றி.

கீழடியில் கிடைத்த பகடையைத் தொல்லியல் துறை போற்றி வைத்திருக்கிறது. நம் ஊரில் பகடைக்குப் பீரோ. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகளில் முதல் விதி, ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பது. உங்கள் அலமாரியில் யாரும் தொடாமல் தூசி படிந்திருந்த கல்வெட்டுத் தொகுதிகளைப் பிள்ளைகள் இறக்கிப் படித்தது இந்த ஆட்டத்துக்காகத்தான். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மாடி அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள் வாசிக்கின்றன போலும். கீழே நாளிதழ் மேஜையில் கிரிக்கெட் பந்தயம் பேசுகிறவர்களிடம் எந்தப் பதிவேடும் போவதில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். ஏழு பகடைகள், இரண்டாவது ஞாயிறு மூன்று மணி முதல் ஐந்து வரை மாடி அறை. இவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் நீங்களும் வந்து உட்காருங்கள். ஒரு பாத்திரம் தருகிறோம். தயவுசெய்து பகடைகளைத் தாருங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போடுகிறேன், ‘சூதாட்டப் பொருள்’ என்பதை நீங்கள் அடித்த பிறகு.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்