நியூட்ரல் போன ராத்திரி

நங்கநல்லூர்,
சென்னை

அன்புள்ள மணி,

நாலு மாதமாகப் பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். ராஜிக்கு முட்டிவலி பரவாயில்லை. பாச்சா தன் பெண்ணுக்கு நிச்சயம் பண்ணிவிட்டான்; வழக்கம்போல யாருக்கும் மூச்சுவிடவில்லை.

விஷயம் வேறு. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நல்ல மழை. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், ஹால் ஃபேன் பேய் பிடித்த மாதிரி சுற்ற ஆரம்பித்தது. டியூப் லைட் பளீரென்று எரிந்து பட்டென்று அணைந்தது. அதே நேரம் பூஜை அறை குண்டு பல்பு சிவந்து மங்கிப்போய் நிற்கிறது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கினால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற பொதுக் கம்பி, போச்சு என்று அர்த்தம். ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அதற்குள் ஃப்ரிட்ஜ் போர்டும் டிவியும் கருகின வாசனை. லைன்மேன் வந்து தெருமுனை பில்லர் பாக்ஸைத் திறந்து காட்டினார்: நியூட்ரல் போல்ட் லூசாகி, கரிக்கட்டையாக இருந்தது.

இருட்டில் நின்றபோது உன் ஆர்.வி., அந்த வீட்டு வண்டிதான் ஞாபகம் வந்தது. அரிசோனா முகாமிலிருந்து போட்டோ அனுப்பினாயே, அதில் பின்னால் கரண்ட் கம்பத்தின் 50 ஆம்பியர் சாக்கெட் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு துளையின் ஓரம் பழுப்பேறியிருக்கிறது. அது சூடு பட்ட பிளாஸ்டிக், மணி.

இங்கே மூன்று ஃபேஸ், உனக்கு இரண்டு லைன். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120, இரண்டு லைனுக்கும் நடுவே 240. நியூட்ரல் விட்டுப்போனால் அந்த 240-ஐ இரண்டு பக்கத்து லோடும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு பக்கம் ஏசி ஓடி, மறுபக்கம் டிவி மட்டும் இருந்தால், டிவி தலையில் 200 வோல்ட்கூட விழலாம். பிரேக்கர் காப்பாற்றாது, அது பார்ப்பது ஆம்பியரை, வோல்டேஜை இல்லை.

சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். எந்த ரகம்? வெறும் சர்ஜ் ரகம் மின்னல் மாதிரி ஒரு நொடி அடிக்கிற அடியைத்தான் வாங்கிக்கொள்ளும். உனக்கு வேண்டியது ஈ.எம்.எஸ். (எலக்ட்ரிகல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்கிறார்களே, அது. வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருந்து, 104-க்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே போனாலும் தானே கட் பண்ணும் ரகமாகப் பார்த்து வாங்கு. கோடையில் முகாமே ஏசி போடும்போது வோல்டேஜ் படுத்துவிடும். நம் ஊர் மே மாதம் உனக்குத் தெரியாததா? கம்ப்ரசர் இழுக்கமுடியாமல் இழுத்து, காயில் சூடாகிக் கருகும். விலை கொஞ்சம் கூடத்தான். ஒரு ஏசி விலையோடு வைத்துப் பார்.

எனக்கு இதையெல்லாம்விட பயம் எர்த்தில். கம்பத்தில் எர்த் அறுந்திருந்து, உள்ளே எங்காவது லீக்கும் இருந்தால் வண்டியின் உடம்பு முழுக்கக் கரண்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பேரன் கதவைத் தொட்டால் என்ன ஆகும்? அன்றைக்கு மில்லில் நம் கண்ணெதிரே நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய்.

அதனால் இனி எந்த முகாமில் நிறுத்தினாலும் முதலில் கம்பத்துப் பிரேக்கரை அணை. சாக்கெட்டில் கருப்பு, உருகல், ஆட்டம் இருக்கிறதா பார். இருந்தால் வேறு இடம் கேள், கூச்சப்படாதே. அப்புறம் ஈ.எம்.எஸ்.ஸை மட்டும் சொருகிப் பிரேக்கரைப் போடு. அது சரி என்று காட்டினால் மறுபடி அணைத்துவிட்டு வண்டி வயரை மாட்டு. கிளம்பும்போது உள்ளே ஏசியை அணைத்து, பிரேக்கரையும் இறக்கின பிறகுதான் பிளக்கைப் பிடுங்கவேண்டும். ஓடுகிற லோடோடு பிடுங்கினால் சாக்கெட் பாழாகும்.

மீட்டர் இருக்கிறது இல்லையா? இன்றைக்கே லைனுக்கு லைன், இரண்டு லைனிலிருந்தும் நியூட்ரலுக்கு, இரண்டிலிருந்தும் எர்த்துக்கு என்று ஐந்து அளவு எடுத்து அனுப்பு. நான் அதைப் பார்த்துச் சொல்லும்வரை அந்தச் சாக்கெட்டில் வண்டியை மாட்டாதே.

லலிதாவையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு