குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், நாற்காலி போதாமல் நின்றுகொண்டிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாகச் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி என்றுதான் தொடங்குவேன். மூன்றாவது தெருவில் 4 விளக்குகள் புதிதாக எரிகின்றன. மற்றவை போன வருடம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்ததும் கண் தானத்தில்தான், கோட்டை விட்டதும் அதில்தான். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை நாடு முழுக்கக் கண் தான இருவாரம். அதையொட்டிச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் வைத்தோம். வந்திருந்த கண் டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டினார். கருவிழி இதன் மேல் கண்ணாடி மாதிரி, அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் கீறலோ வெள்ளையோ விழுந்துவிட்டால், உள்ளே முள் ஒழுங்காக ஓடினாலும் மணி தெரியாது. ஆபரேஷனில் மாற்றுவது இந்தக் கண்ணாடியை மட்டும். முழுக் கண்ணையும் மாற்ற முடியாது. விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டவர்களுக்கு இதனால் பயனும் இல்லை. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது என்பதால் ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சர்க்கரை இருக்கிறதே, கண்ணாடி போடுகிறேனே, புரை ஆபரேஷன் ஆகிவிட்டதே என்று நம் ஆட்கள் அடுக்கிய கேள்விகளுக்கெல்லாம் ‘கொடுக்கலாம்’ என்பதே பதில். எச்ஐவி, வெறிநாய்க்கடி, ஹெபடைடிஸ் பி, சி, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்களிடம் வாங்க மாட்டார்கள். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் தொடங்கியது என்றும், அங்கே டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1948-லேயே கருவிழி மாற்று செய்தார் என்றும் டாக்டர் சொன்னபோது, கைதட்டல் நான் எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்தது.

அன்று 63 பேர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். படம் எடுத்தோம், பேப்பரிலும் வந்தது. நான் பூரித்துப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு 11 மணிக்கு இரண்டாவது தெருவிலிருந்து போன். “மாமா, பாட்டி போயிட்டாங்க. கண்ணு கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, என்ன செய்யணும்?” ஃபேனை நிறுத்து, இமையை மூடி ஈரப் பஞ்சு வை, தலையணை போட்டுத் தலையைக் கொஞ்சம் உயர்த்து என்று சொல்லிவிட்டு, கண் வங்கிக்கு நான் அடித்தேன். இறப்பை உறுதி செய்து சான்று கொடுக்க நம் தெரு டாக்டரையும் எழுப்பினோம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கண் வங்கிக்காரர்கள் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார்கள். வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி, பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் இருபது நிமிடம். செலவு ஒரு பைசா இல்லை. முகம் கெட்டுவிடும் என்று அதுவரை திண்ணையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பெரியம்மா, கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்க் குனிந்து பார்த்தார். “அப்படியேதாண்டி இருக்கா” என்றார்.

அடுத்தது என் தவறு. மார்கழியில் காலமான நம் வாத்தியார் அந்த 63 பேரில் ஒருவர். படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். அன்று காலை ஆறரைக்குச் சேதி வந்தது. 9 மணிக்கு மாலையோடு போனேன். பந்தலுக்குச் சொன்னேன், வெளியூர்க்காரர்களுக்குப் போன் போட்டேன், டீ வாங்கி வர ஆள் அனுப்பினேன். கண் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் தலைமாட்டில் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. பதினாறாம் நாள் முடிந்து பீரோவை ஒதுக்கியபோது, வீட்டுப் பத்திரத்தின் அடியில் அந்தக் கண் தான உறுதிமொழி அட்டை இருந்திருக்கிறது. அவர் மகன் எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

இதிலிருந்து செயற்குழுவுக்கு ஒன்று விளங்கியது. பாட்டி எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டவர் அல்ல. வீட்டில் வாயால் சொல்லி வைத்திருந்தார், பேரன் போனை எடுத்தான். உறுதிமொழி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியது வீட்டார்தான். அதனால் வரும் ஆண்டு கையெழுத்து முகாம் கிடையாது. துக்க வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து சேருமுன் வந்து நிற்பவர் ஃப்ரீசர் பெட்டிக்காரர். அவரிடம் பேசிவிட்டோம். பெட்டி மூடியின் மேல் கண் வங்கி எண் ஒட்டியாயிற்று. பெட்டியை இறக்கும்போதே ‘கண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்பதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். பந்தல்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வாங்கிக்கொண்டவர்கள் பக்கமும் நம்மில் ஒருவர் உண்டு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் கதிரறுக்கப் போன இடத்தில் நெல் தாள் கண்ணில் அடித்து, யாரோ சொன்னார்கள் என்று இலைச் சாறு விட்டு, பூஞ்சைப் புண்ணாகி வெள்ளை விழுந்துவிட்ட அக்கா. தை மாதம் அவருக்குக் கருவிழி மாற்றினார்கள். முடியைவிட மெல்லிய தையல். அது முழுக்கப் பிரிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாமாம். சொட்டு மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, கூசினாலோ, மங்கினாலோ உடம்பு புதுக் கருவிழியை ஏற்க மறுக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அன்றைக்கே ஓட வேண்டும்.

அது பாட்டியின் கண்ணா என்று பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதைக் கண் வங்கி வெளியில் சொல்வதில்லை. தவிர, மதுரையிலேயே தயாராகும் கார்னிசால் திரவத்தில் வைத்தாலும் கருவிழி 14 நாள்தான் தாங்கும். ஐப்பசிக்கும் தைக்கும் கணக்கு ஒத்துவராது.

சரி, மற்றவை. சந்தா பாக்கி 11 வீடுகள், பெயர்களை இப்போது வாசிக்கப் போவதில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கண் வங்கி எண் போட்ட ஸ்டிக்கர் வாசல் மேசையில் இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று. தயவுசெய்து பீரோவுக்குள் வைக்க வேண்டாம், கரண்டு மீட்டர் பெட்டி மேல் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்