திரு.வி.க. நினைவு நாள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வாரங்களாகத் தமிழறிஞரும் இதழாசிரியரும் தொழிற்சங்கத் தலைவருமான திரு.வி. கலியாணசுந்தரனாரைப் (திரு.வி.க.) பற்றிக் குறிப்பெடுத்து வருகிறார்கள். தேர்வில் கேட்கப்படாத ஒன்றுக்கு வாரம் இரண்டு பாடவேளை எதற்கு என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெற்றோர் கேட்டார். கேள்வி நியாயமானது, அன்று நேரம் போதாததால் இங்கே விடை எழுதுகிறேன்.

1883இல் துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்த திரு.வி.க., 1904இல் தம் ஆசிரியர் நா. கதிரைவேற்பிள்ளைக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனதால், பள்ளி இறுதித் தேர்வையே எழுதவில்லை. படிப்பும் அத்தோடு நின்றது. (தேர்வு முக்கியமில்லை என்று தலைமையாசிரியரே சொன்னதாகப் பிள்ளைகள் வீட்டில் வந்து சொன்னால் நம்ப வேண்டாம்.) பிறகு ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகவும் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராகவும் இருந்தவர், 1917இல் அந்த வேலையை விட்டு ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். அரசியல் பேச ஆங்கிலம் வேண்டும் என்றிருந்த காலத்தில், குறுகிய வாக்கியங்களில், வாய்விட்டுப் படித்தால் எதிரில் நின்று பேசுவது போலவே ஒலிக்கும் தமிழில் தலையங்கம் எழுதினார். 1920இல் ‘நவசக்தி’யைத் தொடங்கினார்.

அந்தத் தமிழ், நெசவாலை வாசலுக்கும் போனது. 1918 ஏப்ரல் 27 அன்று செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவரானார். வாடியா பேசியது ஆங்கிலம். சங்கத்தில் சேர்ந்த பின்னி நெசவாலைத் தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்தது தமிழ். மேடையில் திரு.வி.க.வின் இடம் எத்தகையது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். 1921இல் அந்த ஆலையில் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது ஆளுநர் வெலிங்டன் அவரை அழைத்து, நாடு கடத்துவதாக எச்சரித்தார். அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது 1947: வெள்ளையர் ஆட்சி முடியும் தறுவாயில், தாம் உழைத்து வளர்த்த காங்கிரசின் அமைச்சரவையே, அறுபதைக் கடந்திருந்த அவரை ஆலைப் போராட்டத்துக்காக வீட்டுக்காவலில் வைத்தது. அதை வகுப்பில் சொன்னபோது எழுந்த கேள்விகளுக்கு ஒரு பாடவேளை போதவில்லை.

அவருடைய நினைவு நாளான செப்டம்பர் 17 அன்று மாலை 3 மணிக்குப் பள்ளி முற்றத்தில் மாணவர்கள் தாங்களே எழுதிய தலையங்கங்களை வாசிப்பார்கள். நம் பிள்ளைகளில் சிலரின் கொள்ளுத்தாத்தாக்கள் பின்னி ஆலையில் வேலை பார்த்தவர்கள். அவர்களுடைய சங்கச் சந்தா ரசீதோ, ஆலை அடையாள அட்டையோ வீட்டில் இருந்தால், பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே எடுத்து வாருங்கள். பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்