கனடாவில் பட்டறை மேசை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே டொராண்டோ பக்கத்து வீடுகளில் பட்டறை என்றால் அது கார் நிறுத்தும் கராஜ்தான். அதில் மேசை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அளவோடு எழுதுகிறேன்.

தேக்கு, வேங்கையை மறந்துவிடுங்கள். கிடைப்பது ஸ்ப்ரூஸ், பைன் வகை மரம். கடையில் 'இரண்டுக்கு நாலு' என்று கேட்டால், இழைத்து உலர்த்திய பிறகு நிஜத்தில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். கணக்கெல்லாம் இந்த அளவில்தான் போட வேண்டும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்துத்தான் எடுக்கணும். பாதி தேறாது.

உயரம் 35 அங்குலம். மேல்பலகை ஒன்றரை போக, கால் 33½. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சட்டம் ஒட்ட வேண்டும். வெளிச்சட்டம் முழு நீளம். உள்சட்டம் துண்டு துண்டாக: அடியில் 6 அங்குலத் துண்டு, அதன் மேல் கீழ்க் குறுக்குச் சட்டம் (3½), பிறகு 20½ துண்டு, அதன் மேலே, மேல் குறுக்குச் சட்டம் (3½). கூட்டினால் 33½ சரியாக வரும். பாரம் முழுக்க மரத்தின் மேல் மரமாக உட்காரும். திருகாணி பிடித்துக்கொண்டால் போதும். குறுக்குச் சட்டத்தைக் காலின் பக்கத்தில் வெறுமனே திருகாணியில் தொங்கவிட்டவர்கள் மேசை, சுத்தியல் அடியில் நாளடைவில் ஆட்டம் காணும். ஒட்டும் இடத்தில் 2½ அங்குலத் திருகாணிதான். 3 அங்குலம் போட்டால் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இங்கே திருகாணித் தலையில் சதுரக் குழி. ராபர்ட்சன் என்பவர் 1909-இல் காப்புரிமை வாங்கியது. வழுக்காது, ஒற்றைக் கையாலேயே ஏற்றலாம். உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மேல்பலகைக்கு முக்கால் அங்குல ப்ளைவுட் ஒரு ஷீட், நாலுக்கு எட்டு அடி. கடையிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தருவார்கள். வாள் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தின்பதால் ஒவ்வொன்றும் 24-க்கு அரை நூல் குறையும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அடியிலிருந்து 1¼ அங்குலத் திருகாணி. கீழ்ப்பலகையில் திருகாணி தாராளமாக நுழையும் துளை போட்டால்தான் இரண்டும் இறுகும். இல்லையென்றால் மரை இரண்டிலும் பிடித்து நடுவே இடைவெளியை அப்படியே நிறுத்திவிடும். பசைக்கு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. குளிரில் ஒட்டினால் வெள்ளைப் பொடியாய்க் காய்ந்து, பிடிப்பே இருக்காது. அதனால் இது கோடை வேலை.

டிராயர் பெட்டியை மேசையோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகச் செய்து உள்ளே தள்ளுவது நல்லது. குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே 20½. கீழ்க் குறுக்குச் சட்டத்தின் மேல் போடும் தட்டு முக்கால் போக 19¾. பெட்டி 19½ உயரம். பெட்டியை மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வரணும். டிராயர் ஓடும் பால்பேரிங் சேனலுக்குப் பக்கத்துக்கு 4 நூல், ஆக டிராயரின் அகலம் பெட்டியின் வாயைவிட ஓர் அங்குலம் குறைவு. அரை நூல் கூடினாலே இறுகும். கொஞ்சம் குறைந்தால் அட்டைத்துண்டு வைத்துச் சமாளிக்கலாம். கனத்த சாமான்களைக் கீழ் டிராயரில் வைத்தால் மேசை நகராது.

கராஜ் தரை மட்டமாக இருக்காது. கார் கொண்டுவரும் பனி உருகி ஓட, வாசலை நோக்கி அடிக்கு ஒரு நூல் அளவுக்குச் சரிவு இருக்கும். பக்கச் சுவரோரமாய் எட்டடி மேசை என்றால் முனைக்கு முனை ஓர் அங்குலம் வித்தியாசம். ஆகவே காலடியில் திருகி ஏற்றும் போல்ட் வைத்து, மேல்பலகையில் ரசமட்டம் பார்க்க வேண்டும். போல்ட் வைத்தால், சாலையில் பனிக்குத் தூவும் உப்போடு கார் கொண்டுவரும் தண்ணீரிலும் கால் நிற்காது.

மேலே ஆளிவிதை எண்ணெய் பூசுகிறார்கள். பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட வேண்டும். நம் பட்டறையிலும் பையன்களிடம் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்